நாற்பத்தொன்பதாவது எலி

எலிகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து டாக்டர் ஹேமப்ரபாவுக்குத் தலைவலி மாத்திரை ஓர் அட்டை நான்கு நாளைக்கு மேல் தாங்குவதில்லை.

பேசியது எலி இல்லை, எலியின் கழுத்தில் கிடந்த பட்டைதான். ஆனால் அந்த நுணுக்கத்தை யாராவது அவளிடம் விளக்க வந்தால் வந்தவர் பாடு திண்டாட்டம். ஆய்வுக்கூடத்து விலங்குகள் என்ன கஷ்டப்படுகின்றன என்று மனிதன் இனிமேல் ஊகிக்க வேண்டாம், விலங்கே வாய் திறந்து சொல்லட்டும் என்று சட்டம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பட்டையின் உட்புறத்தில் முடியைவிட மெல்லிய ஊசிகள் இருக்கும். தோலுக்கடியில் ஊறும் நீரை அவை தொட்டுப் பார்த்து, சர்க்கரை எவ்வளவு, எந்தச் சுரப்பி எவ்வளவு சுரக்கிறது என்று கணக்குப் போட்டு, அந்த உடம்புக்கு இந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்பதை ஒரு வாக்கியமாக்கிச் சொல்லும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் குறைகேள் பட்டை. துவாக்குடி தாண்டி, தஞ்சாவூர் சாலையில் இருந்த அந்த ஆராய்ச்சி மையத்தில் எல்லாரும் சொல்வது புலம்பல் பட்டை.

ஹேமப்ரபாவின் விலங்குக்கூடத்தில் நாற்பத்தெட்டு எலிகள். பதினாறு ஆரோக்கியமானவை. பதினாறுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்து, மருந்து கொடுக்காமல் விட்டிருந்தார்கள். மீதிப் பதினாறுக்குச் சர்க்கரையையும் வரவழைத்து இன்சுலினும் கொடுத்துவந்தார்கள். சர்க்கரை கட்டுமீறிப் போனால் கழுத்திலிருக்கும் தைராய்டு எத்தனை நாளில் படுத்துக்கொள்கிறது, எவ்வளவு படுத்துக்கொள்கிறது, இன்சுலின் கொடுத்தால் எழுந்து உட்காருகிறதா, இதுதான் அவளுடைய ஆய்வு. ஐந்து வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக் கெஞ்சி வாங்கிய அனுமதி.

மருந்தில்லாத பதினாறும் முதல் இரண்டு வாரம் ‘தாகமா இருக்கு, தாகமா இருக்கு’ என்று பிராணனை வாங்கின. தைராய்டு இறங்க ஆரம்பித்ததும் ‘குளிருது’ சேர்ந்துகொண்டது. அப்புறம் ‘அசதியா இருக்கு’. பந்தி எப்போது போடுவார்கள் என்று காத்திருக்கும் கல்யாணக் கூட்டம் மாதிரி இரவு பகல் பாராமல் ஓயாத முனகல்.

சும்மா முனகினால் போகட்டும் என்று காதைப் பொத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு முனகலுக்கும் பத்து நிமிஷத்துக்குள் தலைமை ஆய்வாளர் பதில் சொல்லியாக வேண்டும் என்பது விதி. அவளுடைய கைப்பேசியில் மணியடிக்கும். மூன்று பொத்தான்கள் வரும். ‘சரிசெய்தேன்’, ‘மருத்துவரை அழைத்தேன்’, ‘ஆய்வின் பகுதி’. குளிருகிறதே என்று எலியைச் சூடாக வைத்தால் தைராய்டுக்கு வேலை குறைந்துவிடும், ஆய்வு பாழ். ஆகவே அவளுக்கு இருந்தது மூன்றாவது பொத்தான் ஒன்றுதான்.

அதை அமுக்கினால் பட்டை எலிக்கு ஆறுதல் சொல்லும். அதுவும் தலைமை ஆய்வாளரின் சொந்தக் குரலில். பட்டைக் கம்பெனியின் குணசீலன் ஒலிவாங்கியோடு வந்து உட்கார்ந்தபோது, “எலிக்குத் தமிழ் தெரியுமா குணசீலன்?” என்று கேட்டாள். “ரூல்ல இருக்கு மேடம்” என்றான் அவன். இன்னும் கொஞ்சம் பாசமா, இன்னும் கொஞ்சம் பாசமா என்று ஆறு தடவை சொல்லவைத்தான். ‘தெரியும். கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பயப்பட வேண்டாம்.’ ஆறாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

எந்தப் புலம்பல் எந்த எலியுடையது என்பது அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆய்வு செய்கிறவருக்கு ஒரு குறிப்பிட்ட எலியின் மேல் ஒருதலைப்பட்சம் வந்துவிடக் கூடாது என்று, எலியின் எண்ணை மறைத்து வைப்பது ஆய்வுக்கூடங்களில் உள்ள வழக்கம். எண்கள் எல்லாம் விலங்கு நலக் குழுவின் கையில் இருக்கும். அவளுக்கு வருவது ரகசியக் குறியீடும் பிரிவும் மட்டும். ‘பிரிவு இரண்டு: குளிருது.’ தட்டு. ‘பிரிவு இரண்டு: அசதியா இருக்கு.’ தட்டு. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது தட்டுவாள். சாப்பிடும்போது இடது கையால் தட்டுவாள். கட்டைவிரல் தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போகப் பழகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை குழுவிடமிருந்து கடிதம் வந்தது.

‘தங்கள் ஆய்வில் அனுமதிக்கப்பட்ட விலங்குகள் நாற்பத்தெட்டு. பதிவில் உள்ளவை நாற்பத்தொன்பது. நாற்பத்தொன்பதாம் எண் விலங்கின் தைராய்டு நிலை மிகவும் கவலைக்கிடம். ஆறு வாரங்களில் அது இருநூற்றுப் பன்னிரண்டு முறை குறை தெரிவித்தும் சிகிச்சை தரப்படவில்லை. இனியும் தாமதித்தால் அது சில நாட்களில் நினைவிழந்து இறக்கக்கூடும். வெள்ளிக்கிழமைக்குள் அவ்விலங்கைக் கண்டுபிடித்துச் சிகிச்சை அளித்து அறிக்கை அனுப்பவும். தவறினால் அனுமதி ரத்தாகும்.’

ஹேமப்ரபா இரண்டு தடவை படித்தாள். பிறகு கடிதத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு விலங்குக்கூடத்துக்கு நடந்தாள்.

“சூசைண்ணே, நமக்கு எத்தனை எலி?”

சூசைராஜ் பதினெட்டு வருடமாக அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பத்து மூன்று வயது. எப்போதும் இருபத்திரண்டு டிகிரியிலேயே வைத்திருக்கும் அறை என்பதால் முழுக்கை ஸ்வெட்டரும் கழுத்தில் மப்ளருமாக இருந்தார். கொஞ்ச நாளாகவே ஆள் மந்தம். கூப்பிட்டால் திரும்புவதற்கே நேரம் பிடிக்கிறது. குரலும் கட்டிப்போய்க் கிடக்கிறது. வயசாகிறது என்று ஹேமப்ரபா நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆயிரம் எரிச்சல்களில் அதுவும் ஒன்று.

“நாப்பத்தெட்டு மேடம்” என்றார் அவர்.

“எண்ணிப் பாருங்க.”

எண்ணினார். நாற்பத்தெட்டு. அவளும் எண்ணினாள். நாற்பத்தெட்டு. கூண்டைத் திறந்து வால் வாலாகத் தொட்டு எண்ணினார்கள். நாற்பத்தெட்டுதான்.

“ஒண்ணு தப்பிச்சு எங்கயாவது சந்துல கெடக்கா? உசுருக்கு ஆபத்தான நிலைமையாம். கமிட்டி சொல்லுது.”

சூசைராஜின் முகம் சுருங்கிவிட்டது. “ஐயோ பாவம்” என்றபடி முட்டிபோட்டு உட்கார்ந்து அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். தீவன மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். இரண்டு மூட்டை நகர்த்துவதற்குள் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மெதுவா தேடுங்கண்ணே. ஆனா சீக்கிரம் கெடைக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கெடைக்கலைன்னா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

“அதுக்காகச் சொல்லல மேடம். வாயில்லாத ஜீவன். எந்த மூலைல கெடந்து நடுங்குதோ.”

“வாய் இல்லையா? இருநூத்துப் பன்னெண்டு தடவை பேசியிருக்கு” என்றாள் ஹேமப்ரபா எரிச்சலாக.

அன்று முழுக்கத் தேடினார்கள். சாக்கடைக் குழாயின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். ஒரு பல்லி அகப்பட்டது.

புதன்கிழமை காலை குணசீலனைப் போனில் பிடித்தாள். பிடிப்பதற்குள் நாலு தடவை ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ கேட்க வேண்டியிருந்தது.

“மொத்தம் எத்தனை பட்டை கொடுத்தீங்க?”

“அம்பது மேடம். ரெண்டு ஸ்பேர்.”

“ஸ்பேர எடுத்து யாராவது ஒரு எலிக்குப் போட்டா?”

“தானா ஆன் ஆகும் மேடம். அடுத்த நம்பரை அதுவே போட்டுக்கும். சர்க்கரையப் பாத்து எந்தப் பிரிவுன்னு அதுவே சேத்துக்கும். யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

“என்னைக் கேக்காமலா?”

“அது ஒரு வசதி மேடம்.”

“அந்த வசதிய யாரு கேட்டா?”

“எல்லா லேபும் கேட்டாங்க. ஒவ்வொரு விலங்கையும் பதியறதுக்குப் பதினாலு பக்கம் ஃபார்ம் இருக்குன்னு சண்டை போட்டாங்க. நீங்ககூடப் போட்டீங்க.”

போட்டது உண்மைதான். அவள் பேச்சை மாற்றினாள். “சரி, அது எலியா முயலான்னு பட்டைக்குத் தெரியாதா?”

“உங்க லேப் எலி லேப்னு செட் பண்ணியிருக்கு. எதுல மாட்டினாலும் எலிதான். இழுத்துவிட்டா முயலுக்கும் சேரும்.” குணசீலன் கொஞ்சம் தயங்கினான். “மேடம், ரொம்ப நாளா ஒரு சந்தேகம். சர்க்கரை வந்த எலி ஏன் குளிருதுன்னு சொல்லுது?”

“தைராய்டுதான் உடம்புக்கு அடுப்பு. சர்க்கரை கன்னாபின்னான்னு ஏறினா, உள்ள எரிபொருள் நெறைய இருந்தும் உடம்பால அதை எடுத்துச் செலவு பண்ண முடியாது. பட்டினி கெடக்கறோம்னு நெனச்சுக்கும். பட்டினின்னா என்ன பண்ணும்? அடுப்பைக் குறைக்கும். எலியைப் பொறுத்தவரைக்கும் இது ஓரளவுக்குத் தெரிஞ்ச விஷயம். எவ்வளவு, எப்பன்னுதான் நான் பாக்கறேன்.”

“எங்கம்மாவுக்கும் சர்க்கரை இருக்கு மேடம். எப்பப் பாத்தாலும் அசதிங்கறாங்க.”

“தைராய்டு பாத்தீங்களா?”

“சர்க்கரை இருந்தா அசதி இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரே.”

“அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. மனுஷங்களுக்கு ரெண்டும் சேந்தே வரலாம். ஆனா சர்க்கரைன்னு ஒரு பேர் கெடச்சுட்டா போதும், எல்லாக் கோளாறையும் தூக்கி அது தலைல போட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. அப்படி விடக் கூடாதுன்னு சொல்றதுக்குத்தான் நான் இங்க எலிங்ககிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். அம்மாவுக்கு இந்த வாரமே ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இப்ப எனக்கு அந்த நாப்பத்தொன்பதோட பதிவு வேணும்.”

“கமிட்டி ஓகே சொல்லணும் மேடம்.”

“அவங்கதான் தேடச் சொல்றாங்க. யாரைத் தேடறதுன்னு தெரியாம எப்படித் தேடறது?”

கமிட்டி ஓகே சொல்ல மதியம் மூன்று மணி ஆயிற்று. பதிவு வந்ததும் கணினியில் திறந்தாள். திறந்த வேகத்தில் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

அந்தக் கோடு அவளுக்கு நன்றாகத் தெரிந்த கோடு. அவள் திரையில் அதற்கு ‘ம-17’ என்று பெயர்; ‘ம’ என்றால் மருந்தில்லாத பிரிவு. எல்லா எலிகளின் தைராய்டு அளவும் மேலும் கீழுமாகக் குதித்து உயிரை வாங்கிக்கொண்டிருக்க, இது ஒன்று மட்டும் ஆறு வாரமாக ஒரே சீராக, படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது. போன வாரம்தான் மையத்தின் கூட்டத்தில் அதைப் பெரிதாக்கிப் போட்டுக் காட்டினாள். “எவ்வளவு அழகா இறங்குது பாருங்க. இந்த மாதிரி இன்னும் நாலு இருந்தா போதும், யாரும் கேள்வி கேக்க முடியாது” என்றாள். கைதட்டினார்கள்.

ஒரு பிரிவுக்குப் பதினாறு எலிதான், பதினேழு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தோன்றவில்லை, கைதட்டியவர்களுக்கும் தோன்றவில்லை. குறியீடு என்றால் தாறுமாறாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

தன்னையே திட்டிக்கொண்டு பதிவைக் கீழே தள்ளினாள். இருநூற்றுப் பன்னிரண்டு குறைகளும் தேதி, நேரத்தோடு வரிசையாக இருந்தன. குளிருது. அசதியா இருக்கு. குளிருது. தாகமா இருக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவளுடைய பதில்: ஆய்வின் பகுதி, ஆய்வின் பகுதி. பெரும்பாலும் இரண்டு நிமிஷத்துக்குள். பதில் தாமதமாகவில்லை என்பதற்குப் பச்சை நிறத்தில் சரிக்குறி வேறு.

நேரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். காலையில் முதல் குறை ஒன்பதே காலுக்கு. கடைசிக் குறை ஐந்தரைக்குள். எல்லா நாளும் அப்படித்தான். எலி பகலில் தூங்கி இரவில் ஓடியாடுகிற பிராணி. இது ராத்திரியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை ஒன்றுமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிடையாது. மே முதல் தேதி கிடையாது.

“மே தினத்துக்கு லீவு எடுக்குற எலியா?” என்று வாய்விட்டே கேட்டாள்.

ஒரே ஒரு ஞாயிறு மட்டும் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை நான்கு குறைகள் இருந்தன. அந்த ஞாயிறு அவளுக்கு ஞாபகம் இருந்தது. கூடத்தில் ஏசி நின்றுபோயிற்று. பூசைக்குப் போய்விட்டு வீட்டில் படுத்திருந்த சூசைராஜைப் போன் போட்டு, உடனே வாங்க என்று கூப்பிட்டது அவள்தான்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நடைபாதை முழுவதும், அப்படி இருக்காது, அப்படி இருக்காது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

சூசைராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தார். சர்க்கரை எலிகள் தண்ணீராய்க் குடிக்கும், ஒரு நாளைக்கு மூன்று தடவை நிரப்ப வேண்டும். முகம் உப்பி, இமை தடித்து, பாட்டிலைத் தூக்கும் கை கனவில் அசைகிற மாதிரி அசைந்தது. தினமும் பார்க்கிற முகம்தான். இன்றைக்குத்தான் பார்த்தாள்.

“அண்ணே, ஸ்வெட்டர் கையை மேல ஏத்துங்க.”

அவர் சங்கோஜப்பட்டு, பிறகு இடது கையை ஏற்றினார். மணிக்கட்டில் புலம்பல் பட்டை, கடைசித் துளைவரை தளர்த்தி, எட்டாத இடத்துக்குத் தையல் நூல் போட்டுக் கட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து அது பேசியது. நாற்பத்தெட்டுக் குரல்களுக்கு நடுவில், பக்கத்தில் நின்றால் மட்டுமே கேட்கிற மாதிரி, “குளிருது” என்றது.

அவள் கையில் கைப்பேசி மணியடித்தது. ‘பிரிவு இரண்டு: குளிருது.’ மூன்று பொத்தான்கள் வந்தன. கட்டைவிரல் பழக்கதோஷத்தில் மூன்றாவதற்குப் போய்விட்டது. அமுக்காமல் இழுத்துக்கொண்டாள்.

“எத்தனை நாளா இதைக் கட்டியிருக்கீங்க?”

“ஆறு வாரம் இருக்கும் மேடம். சாப்புடறப்பவும் வீட்டுக்குப் போறப்பவும் கழட்டி இங்கயே வெச்சிருவேன். தப்புன்னா கழட்டிடறேன்.”

“எதுக்குக் கட்டினீங்க?”

சூசைராஜ் பாட்டிலுக்கு மூடி போட்டுக் கீழே வைத்தார். எதையும் நிதானமாகச் சொல்கிற மனிதர், இப்போது இன்னும் நிதானம்.

“எனக்கு எட்டு வருஷமா சர்க்கரை. மாத்திரை சாப்புடறேன். ஒரு வருஷமா உடம்பு ஒரு மாதிரியா இருந்துச்சு. சித்திரை வெயில்ல ஊரே வேர்த்து ஊத்துது, எனக்கு மட்டும் போர்வை கேக்குது. ஆஸ்பத்திரில சொன்னா, சுகர்னா அப்படித்தான் இருக்கும், நடங்கன்னாங்க. வீட்ல சொன்னா, சும்மாவே படுத்திருந்தா அசதியா இல்லாம என்னன்றா. நானும் விட்டுட்டேன். இங்க வந்தா இதுங்க சொல்லுதுங்க. தாகமா இருக்கு, குளிருது, அசதியா இருக்கு. எல்லாம் நான் சொல்ற வார்த்தை மேடம். ஒண்ணுகூட மாறல. அதான், நமக்கு என்ன சொல்லுதுன்னு பாப்போமேன்னு ஒரு நாள் கட்டிப் பாத்தேன்.”

“என்ன சொல்லுச்சு?”

“குளிருதுன்னுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. நடிக்கறேன்னு நானே நெனைக்க ஆரம்பிச்சிருந்தேன்.”

ஹேமப்ரபாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று புரியாததால் அது அவர் மேலேயே போய் விழுந்தது.

“என்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே? நான் தைராய்டுலதானே இருபது வருஷமா குப்பை கொட்டறேன்? பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

சூசைராஜ் அவளைக் குழப்பத்தோடு பார்த்தார்.

“சொல்லிக்கிட்டுத்தானே மேடம் இருந்தேன். நீங்களும் பதில் சொன்னீங்களே.”

“நானா?”

“ஆமா. மொத தடவை அது குளிருதுன்னு சொல்லி ரெண்டு நிமிஷம் ஆகல, ‘தெரியும், கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், பயப்பட வேண்டாம்’னு உங்க குரல் வந்துச்சு. எலிங்களுக்கும் அதேதான் வருது, தெரியும். ஆனா எனக்கும் வருதுன்னா, மேடத்துக்கு என் கணக்கும் போகுதுன்னு நெனச்சேன். எப்ப வைத்தியம் பாக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? நேரம் வந்தா கூப்புடுவீங்கன்னு இருந்தேன்.”

அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. காது மடல் வரை சூடேறுகிற வெட்கம்.

“நேத்து முழுக்க முட்டிபோட்டு அந்த நாப்பத்தொன்பதாவது எலியத் தேடினீங்களே. அது நீங்கதான்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?”

“நான் எலி இல்லையே மேடம்” என்றார் சூசைராஜ்.

அவள் பட்டையின் நூலை அறுத்துக் கழற்றினாள். கழற்றிய இடத்தில் தோல் காய்ந்து செதில் செதிலாக இருந்தது. கையைத் தொட்டால் ஃப்ரிட்ஜில் வைத்த காய் மாதிரி சில்லென்றிருந்தது.

நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பார்க்கக் கைப்பேசியில் நேரம் கேட்டாள். கிடைக்கிற முதல் காலி நேரம் அக்டோபர் பதினான்கு, மாலை நான்கு நாற்பது, வசதிப்படுமா என்று கேட்டது அது. இன்றைக்கு ஜூன் பத்து. அவள் தூக்கி எறியாமல் பைக்குள் போட்டது போனுடைய அதிர்ஷ்டம். “வாங்கண்ணே” என்று அவர் முழங்கையைப் பிடித்துக் காருக்கு நடத்திப் போனாள். காரில் ஏறியதும் ஏசியை நிறுத்தச் சொன்னார். கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னார். திருச்சிவரை வேர்வை ஊற்ற ஊற்ற அவள் ஓட்டினாள், அவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தூங்கினார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம், மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நல்ல கூட்டம். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, சீட்டு வாங்கி வந்தாள். அங்கேயே உட்கார்ந்து குழுவுக்கு நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதினாள். நாற்பத்தொன்பதாம் எண் ஒரு மனிதர், அவர் பெயர் சூசைராஜ், அவருடைய இருநூற்றுப் பன்னிரண்டு குறைகளுக்கும் கைவிரலால் பதில் தட்டியது நான்தான், என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று முடித்தாள். ஆய்வு போய்விட்டது, போகட்டும் என்று நினைத்தாள்.

ஆறே நிமிஷத்தில் பதில் வந்தது. அந்தக் குழு இவ்வளவு வேகமாக எதற்கும் பதில் சொன்னதில்லை.

‘நாற்பத்தொன்பதாம் எண் விலங்கு அல்ல என்பதால் அதன் குறைகள் இக்குழுவின் வரம்பில் வரா. இருநூற்றுப் பன்னிரண்டு குறைகளும் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. தங்கள்மீது நிலுவை ஏதும் இல்லை. அனுமதி தொடர்கிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.’

ஹேமப்ரபாவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது.

“நல்ல சேதியா மேடம்?” என்றார் சூசைராஜ் பாதிக் கண்ணைத் திறந்து.

“ஆமாண்ணே. யாருக்கும் ஒண்ணும் ஆகலையாம்.”

அவருக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். “அப்ப அந்த எலி பொழச்சுக்கும்” என்று கண்ணை மூடிக்கொண்டார். எந்த எலியைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை.

பணியில் இருந்தது டாக்டர் நஸ்ரின் என்ற சின்னப் பெண். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற களைப்பு முகத்தில் தெரிந்தது. சூசைராஜின் இமையை இழுத்துப் பார்த்தாள், முழங்காலில் தட்டிப் பார்த்தாள், நாடியைப் பிடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தாள். நர்சைக் கூப்பிட்டு, படுக்கை தயார் பண்ணச் சொன்னாள்.

“எப்பலேருந்து இப்படி இருக்கு ஐயா?”

“மேடத்துக்குத்தான் சரியா தெரியும்” என்றார் சூசைராஜ்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினாள். ஹேமப்ரபா சொன்னாள். எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை. முதல் வாரம் தைராய்டு எவ்வளவு, இரண்டாம் வாரம் எவ்வளவு, எந்தத் தேதியில் வேகமாக இறங்கியது, எந்த நாளிலிருந்து குளிர் நிற்காமல் இருந்தது, அசதி எப்போது தாகத்தை மிஞ்சியது, சர்க்கரை எந்த நாளில் முந்நூறைத் தாண்டியது. டாக்டர் எழுதிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“இந்த மாதிரி யாரும் வந்து சொன்னதே இல்ல” என்றாள். “கட்டின பொண்டாட்டிகிட்ட கேட்டாக்கூட, கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்காருன்னுதான் சொல்லுவாங்க. நீங்க நாள் தவறாம பாத்திருக்கீங்க. இவருக்கு நீங்க என்ன வேணும்?”

ஹேமப்ரபா அவருடைய மப்ளரைச் சரிசெய்தாள்.

“ரொம்ப வேண்டியவங்க டாக்டர்” என்றார் சூசைராஜ், படுக்கைக்கு மாற்றிக்கொண்டிருந்தவர்களின் தோளைப் பிடித்தபடி.

டாக்டர் நஸ்ரின் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மேலே, முதல் வாரத்தின் தேதியைத் திரும்ப ஒரு தடவை பார்த்தாள். நர்சிடம் இரண்டு ஊசிகளின் பெயரைச் சொல்லி அனுப்பினாள். பிறகு நிமிராமலே, திட்டுகிற குரலும் இல்லாமல், ஃபாரத்தில் அடுத்த வரியை நிரப்புகிற குரலில் கேட்டாள்.

“மொத வாரமே தெரிஞ்சிருக்கு. அப்பவே ஏன் கூட்டிட்டு வரல?”

ஹேமப்ரபாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு தடவை கேட்டாள்.